பட்டறைக்கு இறங்கிய புளி

எங்கள் வீட்டில் மாடியில் அடுக்களை, கீழே பட்டறை. பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டைக்கு வெளியே, போர் தண்ணீரை நம்பி இருக்கும் ஒரு தெருவில், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒரே ஓர் அறை. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டையில் பாதி, அடுக்களைச் சாமான் கீழே இறங்கித் திரும்பி வராததைப் பற்றித்தான். புளி போகும், ஆப்பசோடா போகும், மெழுகுவத்தி போகும், என் சீப்பு போகும். அப்புறம் கீழே இருந்தும் சாமான் மேலே ஏறத் தொடங்கியது: பழைய சைக்கிள் டியூப், உடைந்த ஸ்பீக்கரின் காந்தம், துண்டு ஹேக்ஸா பிளேடு. இப்போது எது எந்தத் தளத்துச் சாமான் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது.

போனைத் திறந்தால், வீட்டுச் சாமானை வைத்தே ரிப்பேர் பார்க்கச் சொல்லும் இந்த மாதிரிக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. அதில் சில நிஜமாகவே வேலைக்கு ஆகும், சில வெறும் வேடிக்கை, ஒன்றிரண்டு ஆளைக் கொல்லும். ஒரு பொருள் அந்த வேலையை ஏன் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்றையும் பிரித்துவிடலாம். குறிப்பை மனப்பாடம் செய்யவும் வேண்டாம்.

சைக்கிள் டியூபிலிருந்து தொடங்குகிறேன், அதற்கு ஈடான பொருளை நான் பார்த்ததில்லை. பஞ்சர் கடையில் கேட்டால் ஒட்ட முடியாத டியூபைச் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதன் குணம் இழுத்தால் திரும்பச் சுருங்க நினைப்பது. அந்தச் சுருக்கம்தான் நமக்கு வேலை செய்கிறது. நாற்காலிக் கால் கழன்றால் பெவிக்கால் தடவி, டியூப் பட்டையை நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றி, முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி ஒரு ராத்திரி விட்டுவிட்டால் போதும். இரும்பு கிளாம்ப் சதுரமான மரத்தைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். வளைந்த காலை டியூப் பிடிப்பது போல அது பிடிக்காது. பிவிசி பைப்பில் மயிரிழை விரிசல் விட்டுத் தண்ணீர் பீய்ச்சினால், பிளம்பர் வரும்வரை இதே சுற்றுதான். சுற்றும்போது பட்டை பாதி அகலத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பத்து சுற்றுக்கும் ஒழுகும், இழுத்துச் சுற்றினால் நாலு சுற்றிலேயே நிற்கும்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வரும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. குற்றாலத்தில் சாரல், எங்களுக்கு அதன் காற்று மட்டும். அந்த மாதங்களில் கதவு படார் படாரென்று அடித்து, கீல் ஆணி கழன்று, நிலையே ஆடிப் போகும். டியூப் பட்டையின் இரண்டு முனையிலும் ஒரு கண் வெட்டி, கதவின் இரு பக்கக் கைப்பிடியிலும் மாட்டிவிட்டால் பட்டை கதவின் ஓரத்தைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். கதவு வேகமாக வந்தாலும் ரப்பரில் மோதி ‘தொப்’பென்று நிற்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் விரலும் தப்பும்.

கீல் ஆணி ஏற்கெனவே கழன்று, ஓட்டை பெரிதாகி, திருப்பினால் சும்மா சுற்றுகிறதா? மருந்து நீக்கிய தீக்குச்சி நாலைந்தைப் பெவிக்காலில் தோய்த்து ஓட்டையில் இறுக அடைத்து, காய்ந்தபின் வெளியே நிற்பதை அறுத்துவிட்டு, அதே ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றலாம். வாரியல் ஈர்க்கைப் போடலாமே என்று எதிர்வீட்டு மதினி கேட்டார். போடலாம்தான், ஆனால் ஈர்க்கின் தோல் வழுவழுப்பு, பசையைக் குடிக்காது. தீக்குச்சி மெத்தென்ற மரம், பசையைக் குடித்து ஓட்டையோடு ஒன்றாகிவிடும். ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியை இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு முறுக்கினால் கைக்கும் வலி இல்லை, மரமும் பிளக்காது. சிலர் சோப்பு தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், உள்ளே ஸ்க்ரூ துருப்பிடிக்கும். மெழுகே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ஊதி நிலையில் உரசினாலும் முதலில் மெழுகைத் தேய்த்துப் பாருங்கள். மழைக்காலத்தில் இழைப்புளி போட்டுச் சீவிவிட்டால், பங்குனி வெயிலில் மரம் சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி போகிற இடைவெளி வந்துவிடும்.

இனி தண்ணீர்க் கதை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற தெருக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது பாதி புரியாது. போர் தண்ணீர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஷவர், குழாய் மூக்கு, வாட்டர் ஹீட்டர் ராடு எல்லாம் ஆறு மாதத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளும். அது உப்பு என்று நாம் சொல்கிறோம், பெரும்பாலும் அது சுண்ணாம்புதான். தண்ணீரில் கரைந்திருப்பது சூடுபட்டால் படிந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கு எதிரி புளிப்பு. வீட்டில் இருக்கிற எந்தப் புளிப்பும் கொஞ்சம் வேலை செய்யும்: புளித்த மோர், எலுமிச்சை மூடி, வினிகர். நிறைய வேலை செய்வது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போதும். ஷவரைக் கழற்ற வேண்டாம். அந்தத் தண்ணீரை ஒரு பாலித்தீன் பையில் ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ராத்திரி விட்டுவிட்டு, காலையில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் அடைபட்ட துளையெல்லாம் திறந்துகொள்ளும். ராடு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுருள் மட்டும் மூழ்கும்படி ஒரு பழைய வாளியில் நிறுத்த வேண்டும். நுரைத்துக்கொண்டு கரையும், பார்க்கவே திருப்தியாக இருக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு, இரண்டையும் நான் குரல் உயர்த்தித்தான் சொல்வேன். அடுக்களை மேடை கடப்பாக்கல் என்றால் எலுமிச்சை, புளி, சிட்ரிக் ஆசிட் எதையும் அதன்மேல் நிற்கவிடக் கூடாது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. மார்பிளும் அப்படித்தான். குழாயில் படிந்த சுண்ணாம்பைத் தின்கிற புளிப்பு மேடையையும் தின்று வெள்ளைத் திட்டு போட்டுவிடும். அது அழுக்கில்லை, கல்லே அரித்துப் போனது, தேய்த்தால் போகாது. கிரானைட்டுக்கு இந்தப் பயம் குறைவு. அடுத்தது, எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று நினைத்து இரண்டையும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வருவது குளோரின் வாயு. சின்ன கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுவாசித்தால் நுரையீரல் என்னாகும்? ஒன்றை ஊற்றினால் தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவி முடித்த பின்புதான் அடுத்ததைப் பற்றி நினைக்க வேண்டும்.

புளி பட்டறைக்கு இறங்கியதும் இதே குணத்தால்தான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பது எல்லோருக்கும் தெரியும். பித்தளைமேல் படிந்த கறுப்பை அதன் புளிப்பு கரைக்கிறது. என் அத்தை கார்த்திகைக்கு முன்னால் விளக்கெல்லாம் தேய்த்து முடித்து, குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையைக் கொட்டப் போனபோது, என் வீட்டுக்காரர் அதை வாங்கித் தண்ணீர் விட்டு, துருப்பிடித்த நட்டு போல்ட்டை எல்லாம் அதில் ஊறப் போட்டார். “சாப்பிடுற சாமான்ல இரும்பப் போடுதியே, ஒனக்குக் கொஞ்சமாவது இது இருக்கால?” என்று அத்தை வைதது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் தண்ணீர் கறுத்துக் கிடந்தது, துரு உதிர்ந்திருந்தது. எடுத்தபின் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, துடைத்து, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும். தடவாவிட்டால் சாயங்காலத்துக்குள் புதுத் துரு வந்துவிடும். நாள் கணக்கில் ஊறவிடவும் கூடாது, துரு தீர்ந்ததும் புளிப்பு நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். பேரிங்கை இதில் போடவே கூடாது.

எண்ணெய் என்றவுடன் தேங்காய் எண்ணெயைத் தேடுகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். கதவுக் கீலில், பூட்டில், தையல் மெஷினில் எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். அன்றைக்கு வழுக்கும், உண்மைதான். சமையல் எண்ணெய் எதுவுமே நாள்பட்டால் தூசியைச் சேர்த்துப் பிசின் மாதிரி இறுகிவிடும். “மெஷின் ஓடவே மாட்டேங்கு அண்ணாச்சி” என்று தூக்கி வருகிற தையல் மெஷின்களில் பல வெறும் எண்ணெய்ப் பிசினால் நின்றவை. டீசல் தொட்டுத் துடைத்து, மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் ஓடும். பூட்டுக்கு எண்ணெயே வேண்டாம். பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, பூட்டுக்குள் விட்டு ஏழெட்டு முறை திருப்பினால் போதும். பென்சில் கரி வழுக்கும், ஆனால் தூசியைப் பிடிக்காது.

பட்டறையில் இருந்து நான் சுட்டுக்கொண்ட வித்தைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெவிக்விக்கும் ஆப்பசோடாவும். மிக்ஸி மூடியின் காது, குக்கர் கைப்பிடியின் உடைந்த ஓரம், வாஷிங் மெஷின் குமிழ், மூக்குக் கண்ணாடியின் கால் இவையெல்லாம் வெறும் பெவிக்விக்கில் நிற்காது, ஏனென்றால் அந்தப் பசை மெல்லிய படலமாக இருந்தால்தான் பிடிக்கும், இடைவெளியை நிரப்பத் தெரியாது. இடைவெளியில் ஆப்பசோடாத் தூளைக் கொஞ்சம் தூவி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டால், கண் மூடித் திறப்பதற்குள் கல்லாகிவிடும். சோடாவின் காரம் பசையைச் சட்டென்று இறுக வைக்கிறது, தூள் உள்ளே இருந்து நிரப்புகிறது. மறுபடி தூவி மறுபடி ஒரு சொட்டு என்று அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே போகலாம். உடைந்து தொலைந்த துண்டையே இப்படி வார்த்து, அரத்தால் ராவி, வேண்டுமானால் டிரில் போட்டு மரை ஓட்டையும் எடுத்துக்கொள்ளலாம். சொட்டு விடும்போது சூடாகும், கண்ணை எரிக்கிற புகை வரும், அதனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்ய வேண்டும். வழிந்த பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்கக் கூடாது. பஞ்சில் பட்டால் அது தோலைச் சுடுகிற அளவுக்குச் சூடேறும். சாப்பாடு படுகிற உள்பக்கத்துக்கும், நெருப்புப் படுகிற இடத்துக்கும் இந்த வைத்தியம் கிடையாது. மிக்ஸி ஜாரின் அடியில் விரிசலா? புது ஜார்தான்.

மிக்ஸியைப் பற்றிப் பேச்சு வந்ததால் கல் உப்பு விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். மிக்ஸியில் கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்று சொல்லாத வீடியோ கிடையாது. உப்பு எஃகைவிட மெத்தென்ற பொருள், அதனால் எஃகைத் தீட்ட முடியாது. பிளேடில் ஒட்டியிருக்கும் பழைய மசாலாப் பிசுக்கைச் சுரண்டி எடுக்கும், அவ்வளவுதான். பிசுக்கு போனதும் கொஞ்சம் நன்றாக அரைவதைப் பார்த்துக் கூராகிவிட்டது என்று நம்புகிறோம். காய் நறுக்கும் கத்திக்கு என்றால் உண்மையான வழி வீட்டிலேயே இருக்கிறது. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத ஒரு சொரசொர வளையம் தெரியும். அது எஃகைவிடக் கடினம். கத்தியைச் சற்றே சாய்த்து, ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு, மறு பக்கத்துக்கு அதே அளவு, தண்ணீர் தொட்டுக்கொண்டு இழுங்கள். தக்காளித் தோலில் வைத்துப் பார்த்தால் தெரியும். ரொம்ப மொக்கையான அருவாமணைக்கு இது பத்தாது, சாணைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

கப்ளர் மாற்றுவதும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஜார் உட்காரும் இடத்தில், மோட்டார்த் தண்டின் தலையில் பல்லிருக்கும் அந்த ரப்பர்ச் சக்கரம் தேய்ந்தால் மோட்டார் ஓடும், ஜார் ஓடாது. பலரும் அதை வழக்கமான பக்கம் திருகி, வராமல், கொறடால் நசுக்கி உடைத்துக் கொண்டுவருவார்கள். மோட்டார் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் திருகினால்தான் அது கழலும். ஓடும்போது தானே இறுகிக்கொள்ளட்டும் என்று அப்படி மரை வெட்டியிருக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் தெரியும் மோட்டார்த் தண்டை ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும்.

சில்லறை வித்தைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ச் சிரட்டைக்குள் ஸ்க்ரூக்களைப் போட்டு, சிரட்டைக்கு அடியில் ஸ்பீக்கர் காந்தத்தை வைத்தால், கை தட்டிக் கவிழ்ந்தாலும் ஒன்றும் சிதறாது. இரும்புத் தூள் கிடக்கிற தரையைப் பெருக்குவதற்கு முன்னால், அதே காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் வைத்து மேலே ஓட்டி, பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் முழுவதும் பைக்குள். சின்ன ஆணி அடிக்கும்போது விரலுக்குப் பதில் சீப்பின் பல்லுக்கு நடுவே ஆணியைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம் (என் சீப்பு போன வழி இதுதான்). மரம் பிளக்கும் என்று பயமிருந்தால் ஆணியின் கூரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடிக்க வேண்டும். கூர்முனை நாரைப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு போகும். சுவரில் நீள அலமாரி மாட்ட கொத்தனாரின் மட்டக்குழாய் போதும். தெளிவான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் விட்டு, காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றிவிட்டால், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடலாம். பட்டறைத் தரையில் எண்ணெய் கொட்டினால் உமியையோ சாம்பலையோ கொட்டி அரை மணி விட்டு வாரிவிட வேண்டும். நெல் விளைகிற ஊரில் உமிக்கா பஞ்சம்? புது ஷூ பெட்டியில் வரும் சின்ன சிலிக்கா பொட்டலத்தை எறியாமல் டூல்ஸ் பெட்டியில் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் டிரில் பிட் துருப்பிடிப்பது குறையும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் பட்டறை வாசலில் வரிசையாக மோட்டார்கள், எல்லாம் சேறு. முதல் வேலை பிளக்கில் செருகிப் பார்க்காமல் இருப்பது. ஓடுகிறதா என்று பார்க்கச் செருகியவர்களின் மோட்டாரில்தான் காயில் எரிந்திருந்தது. செருகாமல் கொண்டுவந்ததை இவர் கழற்றி, பேரிங்கைத் தனியே எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஒரு நாள் வெயிலில் வைத்து, அப்புறம் தகர டிரம்முக்குள் நூறு வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அதன் சூட்டில் காயிலை உலர்த்தினார். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. வெளிச்சத்துக்கு அது வீண், உலர்த்துவதற்கு அதுதான் மெத்தென்ற, சீரான சூடு. எல்இடி பல்பில் இது நடக்காது. பல்பு காயிலையோ அதன் இன்சுலேஷன் தாளையோ தொடக் கூடாது, ஆள் அருகில் இருக்க வேண்டும். காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டர் வைத்துப் பார்த்து ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால்தான் திரும்ப மாட்டுவார். பல மோட்டார்கள் ரீவைண்டிங், அதாவது காயிலைப் புதிதாகச் சுற்றும் வேலை, இல்லாமலே பிழைத்தன. அந்த நாட்களில் நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைத்தவர்களும் உண்டு. அரிசி தண்ணீரை அப்படி இழுப்பதில்லை, அதன் மாவுதான் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் போகும். அணைத்துவிட்டு, சிம்மைக் கழற்றி, ஃபேன் காற்றில் நிறுத்தி வைப்பது அதைவிட மேல்.

கேஸ் விஷயத்தில் ஒரே ஒரு வித்தைக்குத்தான் நான் சம்மதம் சொல்வேன். சிலிண்டர் மாற்றியதும் சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர் இணைப்பிலும் டியூபின் நீளத்திலும் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது. குமிழி வந்தால் மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். எம்-சீல், டேப், சைக்கிள் டியூப் எதுவும் அங்கே கூடாது.

கரண்ட் சமாசாரத்தில் இவர் இன்னும் கறார். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பது, தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிடுவது, பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் இறுக்குவது, இரண்டு பின் பிளக்கைச் செருகுவதற்காக மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் பேனாவைக் குத்துவது, இவை எல்லாமே வேலை செய்யும், அதுதான் ஆபத்து. வயர் எரிவதற்கு முன்னால் தான் உருகிப் போவதற்காகத்தான் ஃபியூஸ் இருக்கிறது, அதை உருகாமல் ஆக்கினால் வயர் எரியும். கிரைண்டருக்கு எர்த் வயர் ரொம்ப முக்கியம். அது ஈரக் கையோடும் ஈரத் தரையோடும் ஓடுகிற மெஷின். ‘தொட்டா லேசா சுருக்குன்னு இருக்கு’ என்று வருகிற கிரைண்டரைத் திறந்தால், பாதிக்குமேல் எர்த் வயரை யாரோ வெட்டி, இரண்டு பின் பிளக் மாட்டியிருப்பார்கள். இவர் அந்தப் பிளக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்று பின் மாட்டித்தான் திருப்பிக் கொடுப்பார். “எங்க வீட்டுச் சாக்கெட்டுல இது நொழையாதே அண்ணாச்சி” என்பார்கள். “அப்ப சாக்கெட்ட மாத்துங்க” என்பார். பிளக்குக்கும் சேர்த்துக் காசு வாங்குவார். முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கிப் போகிறார்கள்.